திறக்காத கோப்பும் திறக்கக் கூடாத கோப்பும்



எமது பக்கத்து வீட்டில் நடந்த ஒரு சம்பவம். உயர்தர வகுப்பில் கற்கும் மகளின் கடந்தகால வினாத்தாள்கள் யாவும் வீட்டுக் கணினியில் பீ.டீ.எப். கோப்புகளாக இருந்தன. ஒரு மாலை அவளுடைய தம்பி எதையோ அழுத்தியிருக்கிறான். அதன்பின் எந்த வினாத்தாளைத் திறந்தாலும் புரியாத குறிகள் நிறைந்த பக்கமே வந்தது. வைரஸ் பிடித்துவிட்டது என்று உம்மா பயந்துபோய், கணினியை டவுனில் ஒரு கடைக்குக் கொடுத்தனுப்பினார். கடைக்காரர் எல்லாவற்றையும் அழித்து, விண்டோஸைப் புதிதாகப் போட்டுக் கொடுத்தார். கூலியும் வாங்கிக்கொண்டார். வினாத்தாள்களை மீண்டும் தேடி எடுக்கலாம். மௌத்தாகிப்போன உம்மும்மாவின் கடைசிப் பெருநாள் படங்களை எங்கே போய்த் தேடுவது?

உண்மையில் ஒரு கோப்பேனும் கெட்டிருக்கவில்லை. பீ.டீ.எப். கோப்புகளை இனி எப்போதும் நோட்பேடில் திறக்கும்படி அந்தச் சிறுவன் தன்னையறியாமல் கணினிக்குச் சொல்லிவிட்டான். அவ்வளவுதான் நடந்தது.

நம் மூத்தவர்களின் பெட்டிகளில் அரபுத்தமிழ்க் கிதாபுகள் இருந்ததை நீங்கள் கண்டிருப்பீர்கள். எழுத்து அரபு, மொழி தமிழ். அத்தகைய ஒரு கிதாபை மக்காவிலுள்ள ஓர் அறிஞரிடம் கொடுத்தால் எழுத்துக்களைக் கூட்டி வாசிப்பார், பொருள் விளங்காது. அதற்காகக் கிதாபு பழுதானது என்போமா? வாசிக்கத் தெரிந்தவரிடம் கொடுக்கவில்லை என்போம். கோப்பும் அப்படித்தான். நோட்பேட் வெறும் எழுத்தை மட்டுமே வாசிக்கத் தெரிந்தது. வினாத்தாளில் உள்ள படமும் கட்டமும் அதற்குப் புரிவதில்லை.

எந்தக் கோப்பை எந்த மென்பொருளிடம் கொடுப்பது என்பதை விண்டோஸ் எப்படி அறிகிறது? கோப்பின் பெயருக்குப் பின்னால் ஒரு புள்ளியும் அதையடுத்து மூன்று நான்கு எழுத்துக்களும் உண்டு. அந்த வாலைப் பார்த்துத்தான். பீ.டீ.எப். என்றால் இன்னார், ஜே.பீ.ஜீ. என்றால் இன்னார் என்று அதனிடம் ஒரு பட்டியல் இருக்கிறது. அந்தப் பட்டியலை மாற்றும் உரிமை உங்களுக்கு உண்டு.

கோப்பின் மீது மவுஸின் வலது பொத்தானை அழுத்துங்கள். வரும் பட்டியலில் 'ஓபன் வித்' என்பதையும், பின்னர் 'சூஸ் அனதர் அப்' என்பதையும் தெரிவுசெய்யுங்கள். விரும்பிய மென்பொருளைக் காட்டுங்கள். ஒரு தடவைக்கு மட்டுமா, எப்போதுமா என்பதையும் நீங்களே தீர்மானிக்கலாம். விண்டோஸ் 11இல் இதற்கு 'ஜஸ்ட் வன்ஸ்', 'ஆல்வேஸ்' என இரண்டு பொத்தான்கள் உள்ளன. விண்டோஸ் 10இல் 'ஆல்வேஸ்' என்று தொடங்கும் வரிக்குப் பக்கத்தில் சரியடையாளம் இடவேண்டும். தம்பி மாட்டிக்கொண்டது இந்த 'ஆல்வேஸி'ல்தான். பரீட்சித்துப் பார்க்கும்போது ஒரு தடவை என்பதையே அழுத்துவது நல்லது.

ஒரு விடயத்தில் மட்டும் கவனம் வேண்டும். தவறான மென்பொருளில் திறந்துவிட்ட கோப்பை மூடும்போது 'சேவ்' செய்யவா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அதில் சேமித்தால்தான் கோப்பு உண்மையில் பழுதாகும்.

வெளிநாட்டிலிருந்து பிள்ளைகள் அனுப்பும் படங்கள் திறக்கவில்லை என்று பலர் கூறுகின்றனர். 2017இல் வந்த ஐ.ஓ.எஸ். 11 முதல் ஐபோன்கள் படங்களை எச்.ஈ.ஐ.சீ. என்ற முறையில் சேமிக்கத் தொடங்கின. விண்டோஸ் கணினியில் அதை வாசிக்கும் துணைமென்பொருள் இல்லையென்றால் படம் திறக்காது. மைக்ரோசொப்ட் ஸ்டோரில் அதனைப் பெறலாம். சிலர் பெயரின் வாலை ஜே.பீ.ஜீ. என்று மாற்றி எழுதிப் பார்க்கிறார்கள். போத்தலின் லேபலை மாற்றினால் உள்ளே இருக்கும் பாணி மாறுமா? போனிலேயே, கமரா அமைப்பில் 'போர்மட்ஸ்' என்ற இடத்தில் 'மோஸ்ட் கொம்பேட்டிபிள்' என்பதைத் தெரிவுசெய்யும்படி மகனிடம் சொன்னால், இனி எடுக்கும் படங்கள் ஜே.பீ.ஜீ. ஆகவே வரும்.

இனித் திறக்கக் கூடாத கோப்புக்கு வருவோம். 2000ஆம் ஆண்டு மே 4ஆம் திகதி பிலிப்பைன்ஸிலிருந்து ஒரு மின்னஞ்சல் பரவியது. தலைப்பு 'ஐ லவ் யூ'. இணைப்பாக ஒரு காதல் கடிதம். அதன் பெயர் டீ.எக்ஸ்.டீ. என்று முடிவதுபோலத் தெரிந்தது. வெறும் எழுத்துக் கோப்பு என்று மக்கள் நம்பித் திறந்தார்கள். ஆனால் அதற்கும் பின்னால் வீ.பீ.எஸ். என்ற இன்னொரு வால் இருந்தது. அறிந்த வால்களை விண்டோஸ் மறைத்துவிடுவது வழக்கமாதலால் பலர் கண்ணில் அது படவில்லை. வீ.பீ.எஸ். கோப்பை விண்டோஸ் வாசித்துக் காட்டுவதில்லை; அதிலுள்ள கட்டளைகளை நிறைவேற்றிவிடும். படக் கோப்புகள் அழிந்தன. முகவரிப் புத்தகத்திலிருந்த அத்தனை பேருக்கும் அதே கடிதம் போனது. இதே கோப்பை நோட்பேடில் திறந்திருந்தால் வெறும் எழுத்தாகத் தெரிந்திருக்குமே தவிர ஒன்றும் நடந்திராது. பிள்ளையின் வினாத்தாளைக் குழப்பிய அதே நோட்பேட் இங்கே காவலாளியாகியிருக்கும்!

இந்தத் தந்திரம் இன்றும் கைவிடப்படவில்லை. பில் என்றும் வேலைவாய்ப்புக் கடிதம் என்றும் பெயரிட்டு, பீ.டீ.எப். போலக் காட்டி, கடைசியில் ஈ.எக்ஸ்.ஈ. என்று முடியும் கோப்புகள் வருகின்றன. ஆகவே வாலை மறைக்க வேண்டாம் என்று கணினிக்குச் சொல்லி வையுங்கள். விண்டோஸ் 11இல் கோப்புறை ஒன்றைத் திறந்து, மேலே 'வியூ', அதில் 'ஷோ', அதில் 'பைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்'. விண்டோஸ் 10இல் 'வியூ' பகுதியிலேயே அந்தப் பெயருக்குச் சரியடையாளம் இட்டால் போதும். இனி ஒவ்வொரு கோப்பின் முழுப் பெயரும் தெரியும். ஈ.எக்ஸ்.ஈ. என்று முடியும் 'கடிதம்' ஏதும் வந்தால் திறக்காமல், அனுப்பியவருக்கு ஒரு கோல் எடுத்துக் கேளுங்கள்.