காவல் நிரலும் கூலிக் கணக்கும்

இரண்டு மென்பொருள்கள் 'மோதிக்கொண்டன' என்று சொல்லும்போது, சம பலமுள்ள இருவர் சண்டை போட்டதான ஒரு தோற்றம் உண்டாகிறது. கணினிக்குள் அப்படி எந்தச் சமத்துவமும் இல்லை. கடிதம் அடிக்க, பில் போட, கூலிக் கணக்குப் பார்க்க நாம் திறக்கும் நிரல்கள் மேல்தளத்தில் இயங்குகின்றன. ஒன்று நின்றுபோனால் அதை மட்டும் மூடித் திறந்துகொள்ளலாம். வைரஸ் தடுப்பு முதலான காவல் நிரல்கள் பலவும் இயங்குதளத்தின் கருவுக்குள்ளேயே இடம் பிடித்தவை. எந்தக் கோப்பு திறக்கும், எது திறக்காது என்று தீர்மானிப்பவை அவைதான்.

எங்கள் வெள்ளகோவில் பக்கம் விசைத்தறி தெரிந்தவர்களுக்கு இதைச் சுலபமாகச் சொல்லலாம். ஊடை நூல் அறுந்தால் அந்தத் தறி மட்டும் நிற்கும்; பக்கத்துத் தறி ஓடும். மெயின் சுவிட்ச் விழுந்தால் எல்லாத் தறியும் நிற்கும். கருவுக்குள் நேரும் பிழை இரண்டாவது வகை.

2024 ஜூலை 19இல் நடந்தது அதுதான். கிரவுட்ஸ்டிரைக் என்ற அமெரிக்க நிறுவனம், தன் காவல் நிரலுக்கு இந்திய நேரப்படி காலை 9.39 மணிக்கு ஒரு புதிய தகவல் கோப்பை அனுப்பியது. 21ஆவது விவரத்தையும் ஒப்பிடச் சொன்னது அந்தக் கோப்பு. நிரலிடம் இருந்ததோ 20 விவரங்கள்தான். இல்லாததைத் தேடி, நினைவகத்தில் தனக்குரியதல்லாத இடத்தைப் படிக்கப் போய் நிரல் விழுந்தது. விண்டோஸும் கூடவே விழுந்தது. 78 நிமிடத்தில் கோப்பை நிறுத்திவிட்டார்கள். அதற்குள், மைக்ரோசாஃப்ட் மதிப்பீட்டின்படி, 85 லட்சம் கணினிகள் முடங்கியிருந்தன. சென்னை உட்பட நம் விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள்.

'நம்மளக் கேட்டுட்டா போட்டாங்க?' என்பதுதான் இதில் அரசியல் கேள்வி. நிரலின் புதிய பதிப்பைத் தாமதித்து ஏற்கும் உரிமை வாடிக்கையாளர்களுக்கு இருந்தது. இத்தகைய தகவல் கோப்புகளுக்கு அந்த உரிமை இருக்கவில்லை. விபத்துக்குப் பிறகே அதைத் தந்தார்கள்.

இதன் சின்ன வடிவங்கள் செய்தியாவதில்லை. நான் அறிந்த ஒரு கணக்கறையில், சனிக்கிழமை சாயங்காலம், காவல் நிரல் கூலிக் கணக்கு நிரலின் கோப்பொன்றைக் கிருமி என்று சந்தேகித்துப் பூட்டிவிட்டது. 'அச்சுறுத்தல் அகற்றப்பட்டது' என்றது திரை. பூட்டைத் திறக்கும் கடவுச்சொல் கணக்குப்பிள்ளையிடம் இல்லை. கோயமுத்தூரில் இருந்த சர்வீஸ்காரரிடம் இருந்தது. "சிஸ்டம் எடுக்கலீங்க, திங்கக்கிழம வாங்க" என்று வாசலில் நின்ற தறிக்காரர்களுக்குப் பதில் வந்தது. யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. ஆனாலும் வாரக்கூலி இல்லாமல்தான் ஞாயிற்றுக்கிழமை கழிந்தது.

கண்காணிப்பு என்றதும் ஃபூக்கோவை எடுத்துக்கொள்வது நம் பழக்கம். பார்வையின் அதிகாரத்தைப் பேசும் நாம், பூட்டின் அதிகாரத்தையும் பேச வேண்டும். காவல் தேவையில்லை என்பதல்ல என் வாதம். கிருமியும் நிஜம், திருட்டும் நிஜம். கூலி நாளில் மாற்றம் எதையும் ஏற்காமல் தள்ளிவைக்கவும், தவறாகப் பூட்டியதை அங்கேயே திறக்கவும், வேலை செய்யும் இடத்தில் ஒருவருக்காவது அதிகாரம் வேண்டும். கூலியைப் பற்றிப் பேசும் சங்கங்கள், கூலிப் பட்டியலுக்குச் சாவி யாரிடம் இருக்கிறது என்றும் கேட்கலாம்.