முதலில் பயணமா, முதலில் வேலையா?



புக்கிட் ரோத்தான், ஈஜோக், ஜெராம், பெஸ்தாரி ஜெயா தொடங்கி வடக்கே தஞ்சோங் காராங், சபாக் பெர்ணம் வரை உள்ள தோட்டங்களில் பிறந்து வளர்ந்த நம் பிள்ளைகள் சிலர், ‘வேலை விடுமுறை’ விசா பெற்று நியூசிலாந்துக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் சென்று வருகிறார்கள். தோட்ட அலுவலகத்தில் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவன் என்பதால், பாரம் நிரப்ப என்னைத் தேடி வருவார்கள். பாரம் நிரப்பி முடிந்ததும் தவறாமல் ஒரு கேள்வி வரும். “ஐயா, வேலைக்குப் போவதற்கு முன் முதுகுப் பையை மாட்டிக்கொண்டு தாய்லாந்து, கம்போடியா, இந்தியா என்று ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் போகலாமா? இல்லை, நேரே வேலைக்குப் போய்விட்டுத் திரும்பும்போது சுற்றலாமா?”

இக்கேள்விக்கு யோசிக்காமல் இருமுறை பதில் சொன்னவன் நான். இரண்டு முறையும் வருந்த நேர்ந்தது. ஆகவேதான் இக்கட்டுரை.

நம் முன்னோருக்கு இப்படியொரு கேள்வியே எழவில்லை. நாகப்பட்டினத்திலும் ஆவடியிலும் இருந்த முகாம்களில் காத்திருந்து, கப்பலேறி, பினாங்கிலோ இன்று கிள்ளான் துறைமுகம் எனப்படும் போர்ட் சுவெட்டன்ஹாமிலோ இறங்கி, தொற்றுத் தடுப்பு முகாமில் சில நாள் கழித்து, நேரே தோட்டத்து லயத்துக்கு வந்து சேர்ந்தவர்கள் அவர்கள். ஒப்பந்தக் கூலி முறை 1910-இல் ஒழிக்கப்பட்ட பின்னும் கங்காணி முறை தொடர்ந்தது. 1938-இல் இந்திய அரசு தடை விதித்த பிறகே அந்த வரவு நின்றது. மலாயாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் 1917-இல் நம் வட்டாரத்துத் தென்னமரத்தில் உருவானது. அங்கே கன்று நட வந்தவரிடம், “வழியில் எந்த ஊரைப் பார்த்துவிட்டு வர விருப்பம்?” என்று எவரும் கேட்டிருக்க மாட்டார்கள். அவர்களின் பேரப் பிள்ளைகளுக்கு இன்று அந்த உரிமை கிடைத்திருக்கிறது. அதை ஏளனம் செய்ய எனக்கு மனம் வரவில்லை. ஆனால் உரிமையோடு கணக்கும் வேண்டும்.

விசாவின் தன்மை

நியூசிலாந்து அரசு 18 முதல் 30 வயது வரையிலான மலேசியர்களுக்கு ஆண்டுக்கு 1,150 இடங்கள் ஒதுக்குகிறது. தங்கும் காலம் ஆறு மாதம். போதிய பணமும், திரும்பி வரப் பயணச் சீட்டோ அதற்கான தொகையோ இருப்பதைக் காட்ட வேண்டும். நிரந்தர வேலையை ஏற்கக் கூடாது. ஊரைப் பார்ப்பதே நோக்கம், வேலை அதற்குத் துணை என்பதுதான் இத்திட்டத்தின் அடிப்படை. ஆஸ்திரேலியாவின் 462-ஆம் வகை விசா ஓராண்டுக்கு உரியது. அதற்கு உயர்கல்வியும் ஆங்கிலத் தேர்ச்சியும் கேட்கிறார்கள்.

இங்கே பலருக்குத் தெரியாத செய்தி ஒன்று உண்டு. விசா கிடைத்த நாளிலிருந்து தங்கும் காலம் ஓடுவதில்லை; அந்நாட்டில் காலடி வைத்த நாளிலிருந்துதான் ஓடுகிறது. எந்தத் தேதிக்குள் நுழைய வேண்டும் என்பது விசாக் கடிதத்தில் குறிக்கப்பட்டிருக்கும். எனவே முன்கூட்டியே வேறு நாடு சுற்றுவதால் விசாக் காலம் குறையாது. இதை மட்டும் தெரிந்துகொண்டு, மற்றதைத் தெரிந்துகொள்ளாமல்தான் நான் முதல் தவற்றைச் செய்தேன்.

என் அக்காள் மகன்

2018-இல் என் அக்காள் மகனுக்கு நியூசிலாந்து விசா கிடைத்தது. “மாமா, ஆறு வாரம் சுற்றிவிட்டு மார்ச் நடுவில் போய் இறங்குகிறேன்” என்றான். “விசாக் காலம் குறையாது, தாராளமாகப் போய் வா” என்றேன். அவன் கையில் 9,000 வெள்ளி இருந்தது. அதில் ஒரு பகுதி, வெளிக்காட்டு வேலை செய்யும் அவன் தாயார் இரண்டு வளையல்களை அடகு வைத்துக் கொடுத்தது.

தைப்பூசம் முடிந்த கையோடு புறப்பட்டான். பேங்காக், அங்கோர் வாட், பின் சென்னை. அங்கிருந்து சேலம் மாவட்டம் ஆத்தூர் பக்கம், எங்கள் தாத்தா பிறந்த கிராமத்தைத் தேடிப் போனான். குலதெய்வக் கோயிலைக் கண்டுபிடித்துப் பொங்கலும் வைத்தான். அதன் பிறகு காய்ச்சலில் படுத்தான். மருத்துவமனையில் பன்னிரண்டு நாள். அவன் எடுத்திருந்த காப்புறுதி நியூசிலாந்தில் இறங்கிய பிறகே செல்லும். வழியில் வந்த நோய்க்குச் செல்லாது. உடல் தேறவும் சீட்டின் தேதியை மாற்றவும் நாள்கள் ஓடின. மே மாதக் கடைசியில் ஆக்லாந்தில் இறங்கியபோது பணம் முக்கால்வாசி கரைந்திருந்தது. கிவிப் பழ அறுவடையும் முடியும் நேரம். குளிர்காலத்தில் கொடி வெட்டும் வேலைதான் கிடைத்தது. வெட்டிய கொடிக்கு ஏற்ப கூலி. கைப்பழக்கம் இல்லாதவனுக்கு என்ன கிடைக்கும்? வளையல்களை மீட்க அவன் ஊர் திரும்பி ஓராண்டு உழைக்க வேண்டியிருந்தது.

மூன்று கணக்குகள்

இதிலிருந்து நான் கற்றது மூன்று.

ஒன்று, பருவக் கணக்கு. மரத்தில் பழுத்த பழம் நமக்காகக் காத்திருக்காது. கிவிப் பழ அறுவடை, தே புக்கே ஊரைச் சுற்றியுள்ள பே ஆஃப் பிளென்டி வட்டாரத்தில், மார்ச் மாதம் தொடங்கி ஜூன் தொடக்கம் வரை நடக்கும். ஹாக்ஸ் பே ஆப்பிளுக்குப் பிப்ரவரி முதல் ஏப்ரல். சென்ட்ரல் ஒட்டாகோ செர்ரிக்கு டிசம்பர், ஜனவரி. மார்ல்பரோ திராட்சைக் கொடி வெட்டும் வேலைக்கு ஜூன் முதல் ஆகஸ்டு. வேலைப் பருவம் தொடங்கும் நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். இரண்டு வாரம் முன்னதாகவே இறங்க வேண்டும். ஏனெனில் வங்கிக் கணக்குத் திறக்கவும் வரி எண் வாங்கவும் நாள் பிடிக்கும். வரி எண் கொடுக்காதவர் சம்பளத்தில் 45 விழுக்காடு வரியாகப் பிடிக்கப்படும்.

இரண்டு, பணக் கணக்கு. 2025 ஏப்ரலில் அங்கே குறைந்தபட்சச் சம்பளம் மணிக்கு 23.50 நியூசிலாந்து டாலராக இருந்தது. அந்தக் கணக்கில் வாரம் 40 மணி என்றால், வரிக்கு முன் 940 டாலர். பருவத்தில் ஒரு வாரம் பிந்தினால் இழப்பு இவ்வளவு. ஆகவே பணத்தை இரண்டு முடிச்சாக முடியுங்கள். முதல் முடிச்சில் விசாவுக்குக் காட்டிய தொகை, திரும்பி வரும் சீட்டு, வேலை கிடைக்கும் வரை முதல் மாதத்துச் செலவு. இதை வேறு கணக்கில் போட்டுவிட்டு மறந்துவிட வேண்டும். மிஞ்சியது இரண்டாம் முடிச்சு. அதில்தான் சுற்றலாம். அது காலியானால் பயணம் அத்துடன் முடிந்தது. கடன் வாங்கிய பணத்திலும் அடகு வைத்த பணத்திலும் ஊர் சுற்ற வேண்டாம். போகும் நாடு அனைத்துக்கும் சேர்த்துக் காப்புறுதி எடுங்கள்.

மூன்று, எல்லைக் கணக்கு. விசா கையில் வருமுன் புறப்படாதீர்கள். விண்ணப்பம் நிலுவையில் இருக்கும்போது மருத்துவப் பரிசோதனையோ வேறு சான்றோ கேட்டால், முன்பின் தெரியாத ஊரிலிருந்து அனுப்புவது பெரும்பாடு. அதோடு, நியூசிலாந்தில் இறங்குவோர் கடந்த 30 நாளில் எந்தெந்த நாடுகளில் இருந்தார்கள் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். கால்நடை நோயும் பயிர் நோயும் தங்கள் நாட்டுக்குள் வந்துவிடக் கூடாது என்பதில் அவர்கள் மிகக் கண்டிப்பு. கிராமத்து மண் ஒட்டிய காலணி, கூடாரம், கோயில் பிரசாதம், நெய், தேன், விதையால் ஆன உருத்திராட்ச மாலை, சாணத்திலிருந்து செய்த திருநீறு, அனைத்தையும் மறைக்காமல் தெரிவிக்க வேண்டும். தெரிவித்தால் பார்த்துவிட்டுத் திருப்பித் தருவார்கள், அல்லது எடுத்துக்கொள்வார்கள். தெரிவிக்காமல் அகப்பட்டால் அங்கேயே 400 டாலர் அபராதம். காலணியை இந்தியாவிலேயே நன்கு கழுவிக் காயவைத்துக்கொண்டு புறப்படுங்கள்.

இன்னொன்று. “சுற்றுலாவாகப் போங்கள், அங்கே வேலை வாங்கித் தருகிறேன்” என்று சொல்லும் தரகரை நம்ப வேண்டாம். சுற்றுலா அனுமதியில் வேலை செய்வது குற்றம். பிடிபட்டால் பின்னாளில் எந்த நாட்டுக்கு விண்ணப்பித்தாலும் அது குறுக்கே நிற்கும்.

என் தாயார்

இந்த மூன்று கணக்கையும் கற்றுத் தேர்ந்த பெருமிதத்தில் இருந்தேன். 2024-இல் என் மகளுக்கு அதே விசா கிடைத்தது. என் தாயாருக்கு அப்போது வயது 84. இங்கே தோட்டத்தில் பிறந்தவர். தம் தகப்பனார் பிறந்த கிராமத்தைக் கண்டதில்லை. பேரன் எடுத்து வந்த குலதெய்வக் கோயில் படத்தைத் தலைமாட்டில் வைத்திருந்தார். “பாட்டியை ஒரு பத்து நாள் ஊருக்கு அழைத்துப் போய்விட்டு, பிறகு நியூசிலாந்து போகட்டுமா அப்பா?” என்று மகள் கேட்டாள். “முதலில் வேலை. பாட்டியைத் திரும்பி வந்து அழைத்துப் போகலாம்” என்றேன். அக்காள் வீட்டு வளையல்கள் என் கண்ணை மறைத்திருந்தன.

மகள் பிப்ரவரிக் கடைசியில் போய்ச் சேர்ந்தாள். பழம் பொதி செய்யும் கூடத்தில் நல்ல வேலை. கைநிறையப் பணத்தோடு ஆகஸ்டு மாதம் திரும்பினாள். என் தாயார் ஜூலையில் காலமாகியிருந்தார். அவருக்காக எடுத்த கடப்பிதழில் ஒரு முத்திரைகூட இல்லை. ஜனவரியில் பத்து நாள் இருந்தது. பணமும் இருந்தது. நான் எண்ணிப் பார்க்கவில்லை.

எனவே, முதலில் பயணமா, வேலையா என்று கேட்டால் இப்போது நான் திருப்பிக் கேட்பது இதுதான்: காத்திருக்கக் கூடியது எது, காத்திருக்காதது எது? அங்கோர் வாட் பன்னிரண்டாம் நூற்றாண்டிலிருந்து நிற்கிறது. இன்னும் ஓர் ஆண்டு நிற்கும். பழனி மலையும் அங்கேயே இருக்கும். விசாவும் அதில் குறித்த தேதி வரை காத்திருக்கும். பழுத்த பழம் காத்திருக்காது. அடகுக் கடை வட்டி காத்திருக்காது. வீட்டிலுள்ள முதியவர் காத்திருக்க மாட்டார். காத்திருக்காதவற்றை முன்னே வையுங்கள். மற்றவை வேலை முடிந்து, உழைத்த காசில், நிம்மதியாகப் பார்க்க வேண்டியவை.

அக்காள் மகன் இன்றும் சொல்கிறான்: “பணம் போனது போகட்டும் மாமா. அந்தக் கோயிலில் பொங்கல் வைத்தது நம் குடும்பத்தில் நான் ஒருவன்தானே.” அதையும் மறுப்பதற்கில்லை. வரும் தை மாதம் என் மகளும் நானும் அக்கிராமத்துக்குப் போகிறோம். என் தாயாரின் படத்தையும் எடுத்துச் செல்கிறோம்.

புறப்படும் பிள்ளைகள் அனைவருக்கும் எல்லாம் வல்ல இறைவன் துணை நிற்பானாக.