மூலையில உடையுற கட்டர்

காக்களூர் சிட்கோ, கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் இன்பிளான்ட் டிரெய்னிங் போறீங்களா? கேம் சாஃப்ட்வேர் காட்டுற சைக்கிள் டைமை மட்டும் நம்பி டூல்பாத் எடுக்காதீங்க. நான் அப்படி எடுத்துத்தான் 10 மி.மீ. கார்பைடு எண்ட்மில் ஒண்ணை உடைச்சேன்.

நான் வெச்ச ஸ்டெப்ஓவர் 5 மி.மீ., அதாவது பாதி விட்டம். நேரா வெட்டும்போது கட்டரோட சுற்றுல 90 டிகிரி அளவுக்குத்தான் மெட்டல் மேல படும். பாக்கெட்டோட உள்மூலைக்கு வந்ததும் அது 180 டிகிரி ஆயிடும். ஃபீடு அதேதான், லோடு மட்டும் ஏறும். டக்குனு ஒரு சத்தம், அவ்ளோதான்.

டிரோகாய்டல், அடாப்டிவ் பாத் எல்லாம் இதுக்குத்தான். சின்னச் சின்ன வளையமா சுத்தி வெட்டும். மூலையிலயும் அந்தக் கோணம் ஏறாது. ஸ்டெப்ஓவர் 1 மி.மீ. வெச்சா கோணம் சுமார் 37 டிகிரி. சிப்பும் மெலிசாகி, ஒரு பல்லுக்குக் குடுத்த ஃபீடுல 60 சதவீதம் தடிமன்தான் இருக்கும். அதனால ஃபீடை 1.6 மடங்கு வரை ஏத்தலாம், ஆழமாவும் இறக்கலாம். ஸ்க்ரீன்ல பாதை நீளமாத் தெரியும். ஆனா நாலு பாஸ் வேலை ஒரே பாஸ்ல முடியும்.

பழைய கன்ட்ரோலர்னா இத்தனை குட்டிக் குட்டி லைனைப் படிக்க முடியாம மெஷின் திணறும். ஆப்பரேட்டர் அண்ணன்கிட்ட முதல்லயே கேட்டுக்குங்க.