மாவுச்சத்துக் குறைந்த உணவுமுறையும் உடல் எடையும்

மாவுச்சத்துக் குறைந்த உணவுமுறை என்பது அரிசி, கோதுமை, சர்க்கரை, கிழங்கு ஆகியவற்றிலிருந்து கிடைக்கும் மாவுச்சத்தைக் குறைத்து, புரதமும் கொழுப்பும் கூடுதலாக உள்ள உணவுகளை உண்ணும் முறையாகும். உடல் எடையையும் இரத்தச் சர்க்கரையையும் குறைப்பதற்காக இது பின்பற்றப்படுகிறது. நாளொன்றுக்கு 130 கிராமுக்குக் குறைவாக மாவுச்சத்து உண்பதைப் பொதுவாக இவ்வகையில் சேர்ப்பர். அதையே 20 முதல் 50 கிராமுக்குள் அடக்கினால் கீட்டோ உணவுமுறை எனப்படும். தமிழ்நாட்டில் பேலியோ என்ற பெயரில் பரவியிருப்பதும் பெரும்பாலும் இதன் ஒரு வடிவமே.

இம்முறையில் எடை குறைகிறது என்பது உண்மை. ஆனால் உடலில் எது குறைகிறது, எதனால் குறைகிறது, யாருக்கு இது ஆகாது என்ற மூன்றையும் அறிந்துகொண்டு தொடங்குவதே நல்லது.

வரலாறு

இது புதிய முறையன்று. இலண்டனில் ஈமச்சடங்கு ஏற்பாடுகளைத் தொழிலாகச் செய்துவந்த வில்லியம் பேண்டிங் என்பவர், அறுபது வயதைக் கடந்த நிலையில் 202 பவுண்டு (சுமார் 92 கி.கி.) எடை இருந்தார். 1862இல் காது கேளாமைக்காக வில்லியம் ஹார்வி என்ற மருத்துவரிடம் சென்றார். (இரத்த ஓட்டத்தை விளக்கிய ஹார்வி பதினேழாம் நூற்றாண்டினர், வேறொருவர்.) ரொட்டி, சர்க்கரை, உருளைக்கிழங்கு, பீர் முதலியவற்றை விடும்படி மருத்துவர் கூறினார். ஏறத்தாழ ஓராண்டில் 46 பவுண்டு (சுமார் 21 கி.கி.) குறைந்தது. இந்த அனுபவத்தை அவர் 1863இல் சிறு நூலாக வெளியிட்டார். சுவீடிய மொழியில் எடை குறைப்பதற்காக உணவைக் கட்டுப்படுத்துவதை ‘பாண்டா’ என்பர். அச்சொல் இவர் பெயரிலிருந்து வந்ததே.

1921இல் அமெரிக்காவின் மாயோ மருத்துவமனையைச் சேர்ந்த ரசல் வைல்டர், வலிப்பு நோய்க்காகக் கீட்டோ உணவை முன்வைத்தார். 1972இல் இராபர்ட் அட்கின்சு எழுதிய நூல், எடை குறைப்பு முறையாக இதைப் பரவலாக்கியது.

முதல் வாரத்தில் குறைவது எது?

நம் உடல், மாவுச்சத்தின் ஒரு பகுதியைக் கிளைக்கோசன் என்ற வடிவில் கல்லீரலிலும் தசைகளிலும் சேமிக்கிறது. இச்சேமிப்பு ஏறத்தாழ அரைக் கிலோ இருக்கும். ஒவ்வொரு கிராம் கிளைக்கோசனுடனும் சுமார் 3 கிராம் நீர் சேர்ந்திருக்கும். மாவுச்சத்தைக் குறைத்ததும் இச்சேமிப்பு கரைகிறது. நீரும் சிறுநீராக வெளியேறுகிறது. முதல் வாரத்தில் இரண்டு கிலோ வரை குறைவதற்கு இதுவே முதன்மைக் காரணம். அந்த எடையில் கொழுப்பு சிறிதளவே. ஒரு விருந்தில் வயிறாரச் சோறு உண்டால் அவ்வெடை மீண்டும் ஏறுவதும் இதனால்தான். இதை அறியாதவர் முதல் வாரத்தில் மிகவும் மகிழ்கிறார். நான்காம் வாரத்தில் மனம் தளர்ந்து விட்டுவிடுகிறார்.

கொழுப்பு குறைவது எவ்வாறு?

செலவாகும் ஆற்றலைவிட உண்ணும் ஆற்றல் குறைந்தால்தான் உடற்கொழுப்பு குறையும். மாவுச்சத்தைக் குறைக்கும்போது புரதம் கூடுவதால் பசி அடங்குகிறது. இனிப்பு, பலகாரம், நொறுக்குத்தீனி ஆகியவையும் நின்றுபோகின்றன. ஆகவே உண்ணும் மொத்த அளவு தானாகவே குறைகிறது.

ஒரு கணக்கைப் பார்ப்போம். 100 கிராம் வெள்ளைச் சோற்றில் சுமார் 28 கிராம் மாவுச்சத்தும் 130 கலோரியும் உள்ளன. மதியம் 300 கிராம் சோறு உண்பவர் அதைப் பாதியாக்கினால் 195 கலோரி மிச்சமாகும். ஆனால் ஒரு கிராம் கொழுப்பில் 9 கலோரி உண்டு. சோற்றைக் குறைத்துவிட்டு 22 கிராம் நெய்யைக் கூடுதலாகச் சேர்த்தால், மிச்சமான அவ்வளவும் திரும்ப வந்துவிடும்.

ஆய்வுகள் கூறுவது

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தினர் 609 பேரைக் கொண்டு ஓராண்டு நடத்திய ஆய்வின் முடிவுகள் 2018இல் வெளிவந்தன. மாவுச்சத்தைக் குறைத்தவர்களுக்குச் சராசரியாக 6.0 கி.கி.யும், கொழுப்பைக் குறைத்தவர்களுக்கு 5.3 கி.கி.யும் குறைந்தன. இவ்வேறுபாடு பொருட்படுத்தத் தக்கதன்று என்றே ஆய்வாளர்கள் முடிவு செய்தனர். ஆனால் இரு குழுவிலும் சிலருக்கு மிகுதியாகக் குறைந்தது. சிலருக்கு எடை கூடவும் செய்தது. எனவே ஒருவர் எந்த முறையை நீண்டகாலம் கைவிடாமல் பின்பற்ற முடியுமோ அதுவே அவருக்கு ஏற்றது எனலாம்.

நம் உணவில் கவனிக்க வேண்டியவை

சோற்றுக்குப் பதில் சப்பாத்தியோ கேழ்வரகுக் களியோ உண்டால் மாவுச்சத்து குறைந்துவிடும் என்பது பரவலான எண்ணம். அரிசி, கோதுமை, கேழ்வரகு, கம்பு ஆகிய எல்லாத் தானியங்களிலும் 100 கிராமுக்கு 60 முதல் 80 கிராம் வரை மாவுச்சத்து உண்டு. சிறுதானியத்தில் நார்ச்சத்து கூடுதல் என்பது நன்மையே. ஆயினும் அளவைக் குறைத்தால்தான் மாவுச்சத்து குறையும்.

மரக்கறி உணவினருக்கு இன்னொரு சிக்கல் உண்டு. அவர்களுக்குப் புரதம் தரும் பருப்பில் பாதிக்கும் மேல் மாவுச்சத்துதான். புரதம் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. ஆகவே அவர்கள் பருப்பைத் தள்ளாமல் சோற்றைப் பாதியாக்கி, பொரியல், கூட்டு, கீரை, தயிர், பனீர், நிலக்கடலை ஆகியவற்றைக் கூட்டுவது நடைமுறைக்கு ஏற்றது. அசைவம் உண்போருக்கு முட்டையும் மீனும் எளிய வழி.

யார் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்?

* இன்சுலின் போடுபவர்களும் கிளிமிபிரைடு போன்ற மாத்திரை எடுப்பவர்களும் மருந்தின் அளவை மாற்றாமல் சோற்றை மட்டும் குறைத்தால், இரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழக்கூடும். வியர்வை, நடுக்கம், படபடப்பு ஆகியவை இதன் அறிகுறிகள்.
* சர்க்கரையைச் சிறுநீர் வழியே வெளியேற்றும் டாபாகிளிஃபுளோசின் போன்ற மாத்திரை எடுப்பவர்களுக்கு இரத்தத்தில் கீட்டோ அமிலம் மிகும் ஆபத்து உண்டு.
* இரத்த அழுத்த மாத்திரை எடுப்பவர்களுக்கு, உடல்நீர் குறைவதால் அழுத்தம் அளவுக்கு மீறிக் குறையலாம்.
* சிறுநீரக நோயாளிகள், கருவுற்றோர், பாலூட்டும் தாய்மார் ஆகியோர் தாமாக இதைத் தொடங்கக் கூடாது.

இவர்கள் முதலில் மருத்துவரிடம் கூறி, மருந்தின் அளவைச் சரிசெய்துகொண்ட பின்னரே உணவை மாற்ற வேண்டும். சிலருக்குக் கெட்ட கொழுப்பு (எல்.டி.எல்.) உயர்வதால் இரத்தப் பரிசோதனையும் தேவை. மற்றவர்கள் நாள்தோறும் எடைக்கருவியில் ஏறிப் பார்ப்பதை விட்டு, மூன்று மாதங்களுக்குப் பின் எடையுடன் இடுப்புச் சுற்றளவையும் அளந்து பார்த்தால் உண்மையான பலன் தெரியும்.