சுருங்க மறுத்த பேட்டரி

மாடல் செய்பவர்களின் உலகில் அளவுகளுக்கு ஓர் ஒழுங்கு உண்டு. 1/24, 1/48, 1/72 எல்லாம் அடி-அங்குலக் கணக்கில் பிறந்தவை. நிஜத்தில் ஓர் அடி இருந்தால் மாடலில் அரை அங்குலம், கால் அங்குலம், அங்குலத்தில் ஆறில் ஒன்று. மீட்டர்காரர்களுக்கு 1/10, 1/50, 1/100. இந்த இரண்டு குடும்பத்திலும் சேராத எண் 35. ஆனாலும் டாங்கி மாடல் எந்த நாட்டுக் கடையில் விற்றாலும், பெட்டியின் மேல் பெரும்பாலும் 1/35 என்றுதான் இருக்கும்.

இந்த எண்ணைத் தீர்மானித்தது எந்தத் தர நிர்ணயக் குழுவும் அல்ல. ஜப்பானின் ஷிஸுவோகா நகரத்தில், நஷ்டத்தில் திணறிக்கொண்டிருந்த ஒரு குடும்ப நிறுவனம் ஓடும் டாங்கி ஒன்றைச் செய்ய முயன்றது. அதன் வயிற்றுக்குள் பேட்டரி இரண்டும், மோட்டாரும், பல்சக்கரப் பெட்டியும் நுழைய வேண்டும். நுழையும்படி உடலை வரைந்தார்கள். பிறகு அதை நிஜ டாங்கியோடு வைத்துக் கணக்குப் போட்டபோது வந்த விடைதான் 35.

அந்த நிறுவனம் டாமியா. சிவப்பும் நீலமுமாக இரண்டு நட்சத்திரம் போட்ட அதன் சின்னம், பொம்மைக்கடையில் கண்ணை ஓட்டியவர்களுக்குப் பழக்கமானதாக இருக்கலாம். ஒரு பொருளைச் சிறியதாக்கும்போது அதிலுள்ள எல்லாமே ஒரே விகிதத்தில் சிறுத்துவிடுவதில்லை. பேட்டரி சிறுக்காது, ஈர்ப்பு விசை சிறுக்காது, ரோட்டில் கிடக்கும் கூழாங்கல்லும் சிறுக்காது. டாமியாவின் வரலாற்றை, சுருங்க மறுப்பவற்றோடு நடத்திய நீண்ட பேரமாகவே நான் படிக்கிறேன்.

1945 ஜூன் மாதம் அமெரிக்கக் குண்டுவீச்சில் ஷிஸுவோகா எரிந்தது. எரிந்த ஊரைத் திரும்பக் கட்ட மரம் வேண்டும். அடுத்த ஆண்டே யோஷியோ டாமியா மர அறுவை ஆலையும் மர வியாபாரமும் தொடங்கினார். தச்சுக்கும் மரவேலைக்கும் பழைய காலத்திலிருந்தே பேர் போன ஊர் அது. 1947-ல் மரத்தில் கப்பல், விமான மாடல்கள் செய்யும் பிரிவு ஒன்று பக்கத்தில் முளைத்தது. 1951-ல் தீ விபத்தில் மரக்கிடங்கு போயிற்று. இரண்டே ஆண்டில் யோஷியோ மர அறுவையைக் கைவிட்டு மாடல் தொழிலுக்கே முழுதாக வந்துவிட்டார்.

அந்த மர மாடல்களை விழுங்க வந்தது பிளாஸ்டிக். ஐம்பதுகளில் அமெரிக்க பிளாஸ்டிக் கிட்டுகள் ஜப்பானியக் கடைகளுக்கு வந்தன. ஒரு துண்டு மரத்தைச் செதுக்கி, உப்புத்தாள் போட்டு விமானத்தின் மூக்கைக் கொண்டுவரப் பையன் ஒரு வாரம் உழைக்க வேண்டும். பிளாஸ்டிக்கில் அது முழு வடிவத்தில், ஆணித்தலை வரை பதிந்து வருகிறது. பாலிஸ்டைரீனை 200 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக்கி, உருகியதை எஃகு மோல்டுக்குள் அழுத்தத்தோடு செலுத்துவதுதான் தொழில்நுட்பம். பொருள் மலிவு, மோல்டுதான் கொள்ளை விலை. முதல் பெட்டி விற்பதற்கு முன்பே அந்தச் செலவு முழுவதும் போய்விடும். மரத்தொழிலின் கணக்குக்கு இது நேர் எதிர்.

1960-ல் டாமியா தன் முதல் பிளாஸ்டிக் கிட்டை வெளியிட்டது. 1/800 அளவில் யமாட்டோ போர்க்கப்பல். போட்டி நிறுவனம் ஒன்று இதே கப்பலை 350 யென்னுக்கு விற்றுக்கொண்டிருந்ததால் டாமியாவும் அதே விலைக்கு இறங்க வேண்டியதாயிற்று. மோல்டு செலவு திரும்பவில்லை. யோஷியோவின் மகன் ஷுன்சாகு, வாசெடா பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்துவிட்டு 1958-ல் அப்பாவின் தொழிலுக்கு வந்தவர். இனி ஒரே ஒரு தடவைதான் தவறலாம் என்ற நிலையில் அவர் தேர்ந்தெடுத்த விஷயம் ஜெர்மனியின் பாந்தர் டாங்கி. பெட்டிப் படத்துக்கு, அந்தக் காலப் பையன்கள் பைத்தியமாக இருந்த ஓவியர் ஷிகேரு கோமட்சுஸாகியைப் பிடித்தார்கள்.

1961-ல் வந்த அந்த பாந்தர்தான் நிறுவனத்தைத் தூக்கி நிறுத்தியது. நிஜ பாந்தரின் உடல் நீளம் ஏறக்குறைய 6.9 மீட்டர். 35-ஆல் வகுத்தால் 20 சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. பேட்டரியோடு மேசைமேல் ஊர்ந்து புத்தக அடுக்கில் ஏறும். பையன்களுக்கு அதுதான் வேண்டியிருந்தது. ஒருமுறை ஒரு அளவில் டாங்கி செய்துவிட்டால் அடுத்ததையும் அதே அளவில்தான் செய்தாக வேண்டும். அலமாரியில் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்துவார்கள் அல்லவா? டாமியா வரிசை நீண்டது. போட்டியாளர்களும் அந்த வரிசையில் சேர்ந்து நிற்கத் தங்கள் டாங்கிகளை 1/35-க்கே கொண்டுவந்தார்கள்.

இதற்கு ஒரு விலையும் இருந்தது. மோட்டாருக்கு இடம் விட்டதால் அந்தக் காலத்து டாமியா டாங்கிகள் சிலவற்றின் உடல் நிஜத்தைவிட அகலம். அடித்தட்டில் சுவிட்சுக்கும் திருகுக்குமாக ஓட்டைகள். பிற்காலத்தில் மோட்டாரே இல்லாமல் அலமாரிக்கென்று விற்றபோதும் அதே மோல்டு, அதே ஓட்டை. வாங்கியவர்கள் ஒவ்வொன்றாக அடைத்துக்கொண்டிருந்தார்கள். ஸ்கேல் கச்சிதத்தில் பிடிவாதம் உள்ளவர்கள் இன்றும் அதைச் சொல்லிக் குறைபட்டுக்கொள்வார்கள். எனக்கு அந்த ஓட்டைகள் பிடிக்கும். அந்த டாங்கி எதற்காகப் பிறந்தது என்பதை மறைக்காத ஓட்டைகள் அவை.

அதே ஷுன்சாகு இன்னொரு பக்கம் கச்சிதத்துக்கு அலைந்தவர். 1966-ல் அமெரிக்காவின் மேரிலாண்டில் உள்ள ஆபர்டீன் ராணுவ வளாகத்துக்குப் போய் அங்கே நிறுத்தியிருந்த டாங்கிகளைப் படம் படமாக எடுத்துத் தள்ளினார். போர்ஷே காரை மாடலாக்க வேண்டும் என்றபோது ஒரு 911 காரையே விலைக்கு வாங்கிக் கழற்றிப் போட்டுப் பார்த்தார்கள். ஓர் அலுவலகக் கணக்குப்பிள்ளை இதை எப்படித் தாங்கியிருப்பார் என்று யோசித்ததுண்டு. அந்த உழைப்பில் 1/12 அளவில் போர்ஷே 934 பிறந்தது. அதன் உடலை வைத்தே 1976 இறுதியில் டாமியாவின் முதல் ரேடியோ கண்ட்ரோல் கார் வந்தது. ஒரு லட்சத்துக்கு மேல் விற்றது.

நம்மூரில் ‘ரிமோட் கார்’ என்று விற்பதற்கும் இதற்கும் வித்தியாசம் உண்டு. மலிவான பொம்மைக் காரில் திருப்பினால் முழுக்கத் திரும்பும், விட்டால் நேராகும். நடுவில் எதுவும் இல்லை. ஹாபி கார்களில் விரலை எவ்வளவு அசைக்கிறோமோ அவ்வளவுதான் சக்கரம் அசையும். காரில் இருக்கும் ரிசீவர், வினாடிக்கு ஏறக்குறைய 50 முறை, சர்வோ எனும் சின்ன மோட்டார்ப் பெட்டிக்கு ஒரு மின்துடிப்பு அனுப்புகிறது. துடிப்பின் நீளத்தில்தான் செய்தி. 1.5 மில்லிவினாடி என்றால் நேர், 1 மில்லிவினாடியை நெருங்கினால் ஒரு பக்கம், 2-ஐ நெருங்கினால் மறுபக்கம். சர்வோ தன் அச்சு எங்கே நிற்கிறது என்பதைத் தானே அளந்து, கேட்ட இடம் வரும்வரை சுழலும்.

அன்றைய கருவிகள் பல 27 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஓடின. ரிமோட்டிலும் காரிலும் ஒரு ஜோடி குவார்ட்ஸ் கிரிஸ்டல், ஒவ்வொரு ஜோடிக்கும் ஒரு நிறம். மைதானத்தில் ஒரே நிறத்தில் இருவர் சுவிட்சைப் போட்டால் இரண்டு காரும் யாருக்கும் அடங்காமல் சுவரைத் தேடிப் போகும். 2.4 கிகாஹெர்ட்ஸ் கருவிகள் வந்த பிறகுதான் இந்தத் தகராறு தீர்ந்தது. அவை தங்களுக்குரிய கார் எது என்று அறிந்து, அலைவரிசைக்குள் தாவித் தாவிப் பேசிக்கொள்ளும்.

வேகத்தைக் கட்டுப்படுத்துவது இன்னும் முரட்டு வேலையாக இருந்தது. ஒரு சர்வோ, செம்புத் தகடுகளின்மேல் ஒரு கையை நகர்த்தும். மெதுவாகப் போக வேண்டுமானால் மின்சாரத்தை ஒரு ரெசிஸ்டர் வழியாகத் திருப்பிவிடும். மிச்சமாகும் ஆற்றல் எல்லாம் வெப்பமாகிப் போகும். கார் நின்றதும் அந்த ரெசிஸ்டரைத் தொட்டவர் மறுபடி தொடமாட்டார். பேட்டரியில் 1.2 வோல்ட் நிக்கல்-காட்மியம் செல்கள் ஆறு, மொத்தம் 7.2 வோல்ட். 1,200 மில்லி ஆம்பியர்-மணி கொள்ளளவில் 7 ஆம்பியர் இழுத்தால் 10 நிமிடம். பிறகு அதைவிட நீண்ட நேரம் சார்ஜ் போட வேண்டும்.

ஒரு டன் எடையுள்ள காரை எல்லாப் பக்கமும் பத்தில் ஒன்றாக்கினால் எடை ஆயிரத்தில் ஒன்றாகி ஒரு கிலோவாக வேண்டும். நடைமுறையில் 1/10 கார்கள் ஒன்றரைக் கிலோவை ஒட்டித்தான் நிற்கின்றன. அந்த ஆறு செல் கட்டு மட்டுமே 300 கிராமுக்கு மேல். அப்படி இருந்தும் பிளாஸ்டிக் கைகளும் அச்சுகளும் உடையாமல் தாங்குவது எப்படி? எடை ஆயிரத்தில் ஒன்றாகக் குறையும்போது, தாங்கும் குறுக்குவெட்டுப் பரப்பு நூற்றில் ஒன்றாகத்தான் குறைகிறது. எடையோடு ஒப்பிட்டால் சின்னக் கார் பத்து மடங்கு பலசாலி. நிஜக் கார் நொறுங்கிப்போகும் குட்டிக்கரணத்தை இது எழுந்து உதறிவிட்டுப் போகும்.

ஈர்ப்பு விசை வேறு தொல்லை தருகிறது. நிஜக் கார் ஒரு மீட்டர் உயரத்திலிருந்து கீழே விழ 0.45 வினாடி எடுக்கும். பத்தில் ஒரு பங்கு காருக்கு அது 10 சென்டிமீட்டர், 0.14 வினாடியில் விழுந்துவிடும். அதனால்தான் ரேடியோ கார்கள் படபடவென்று துள்ளுவதுபோல் தெரிகின்றன. சினிமாவில் மினியேச்சரை அதிவேகக் கேமராவில் பிடித்து மெதுவாக ஓட்டுவது இந்தக் குறையைப் போக்கத்தான். ‘30 கிலோமீட்டர் வேகம், ஸ்கேலில் 300’ என்று ரேடியோ கார்க்காரர்கள் மார்தட்டுவதை நம்ப வேண்டியதில்லை. துள்ளலையும் சாய்வையும் வைத்துப் பார்த்தால் வர்க்கமூலக் கணக்குதான் பொருந்தும். 30-க்கு 95-தான் வரும்.

1979 இறுதியில் வந்த ரஃப் ரைடர், சாண்ட் ஸ்கார்ச்சர் இரண்டும் டாமியாவைத் தார் ரோட்டிலிருந்து மண்ணுக்கு இறக்கின. ஃபோக்ஸ்வாகன் காரின் சஸ்பென்ஷனை உலோகத்தில் அப்படியே வார்த்திருந்தார்கள். ரேடியோக் கருவிகள் தண்ணீர் புகாத ஒளிபுகும் பெட்டிக்குள். அழகான வேலை, ஆனால் கனம். 1984-ல் அமெரிக்காவின் அசோசியேட்டட் நிறுவனம் ஆர்சி10 என்ற பந்தயக் காரை இறக்கியபோது மண்தடத்தில் டாமியாவின் காலம் ஆட்டம் கண்டது. பிறகு 1988-ல் வந்த அவான்ட்டே விலையிலும் சிக்கலிலும் உச்சம், பந்தயத்தில் அப்படியில்லை.

டாமியா ஜெயித்தது வேறு இடத்தில். 1984-ல் வந்த ஹார்னெட்டும் கிராஸ்ஹாப்பரும் எளிய, மலிவான கார்கள். பின்பக்கம் மோட்டாரும் கியர்பெட்டியும் ஒரே கட்டாக மேலும் கீழும் ஆடும். அவ்வளவு எடை ஆடினால் கார் தவளையாகத்தான் போகும், போயிற்று. ஆனால் ஒரு பள்ளிக்கூடப் பையன், படம் போட்ட கையேட்டை வைத்துக்கொண்டு, யாரையும் கேட்காமல் இரண்டு மூன்று சாயங்காலத்தில் அதைப் பூட்டி முடித்துவிடுவான். டிஃபரன்ஷியல் கியர் எதற்கு என்று பாடப்புத்தகம் சொல்வதற்கு முன்பே அவன் விரல்களுக்குத் தெரிந்திருக்கும். பந்தயக்காரர்கள் எத்தனை பேர், அப்பாவிடம் கெஞ்சும் பையன்கள் எத்தனை பேர் என்ற கணக்கில் டாமியா ஒருபோதும் தவறவில்லை.

அந்தக் கணக்கின் உச்சம் மினி 4டபிள்யூடி. 1982-ல் தொடங்கி, 1986-க்குப் பிறகு சூடுபிடித்தது. 1/32 அளவு, சாதாரண ஏஏ பேட்டரி இரண்டு, மோட்டார் ஒன்று, அதிலிருந்து ஒரு நீண்ட தண்டு வழியாக நான்கு சக்கரத்துக்கும் விசை. ரேடியோவே கிடையாது, ஸ்டீயரிங்கும் கிடையாது. சுவர் வைத்த தடத்தில் கார் விடப்படும், மூலையில் உள்ள உருளைகள் சுவரில் உரசித் திருப்பிக்கொள்ளும். ‘டாஷ்! யோன்குரோ’ என்ற மாங்கா தொடரில் பையன்கள் ஹாக்கி மட்டையால் காரைத் தட்டிக்கொண்டு கூடவே ஓடுவார்கள். 1988-ல் ஜப்பான் கோப்பைப் போட்டி தொடங்கியது. இதுவரை விற்றவை 15 கோடிக்கும் மேல்.

ஓட்டுநர் இல்லாத காரில் எல்லா முடிவையும் கிளம்புவதற்கு முன்பே எடுத்தாக வேண்டும். கியர் விகிதம், டயர் விட்டம், எடை எங்கே என்பதெல்லாம் கேள்வி. வேகம் கூடினால் மேட்டில் பறந்து, இறங்கும்போது துள்ளித் தடத்துக்கு வெளியே போய்விடும். இதற்குப் போட்டியாளர்கள் கண்ட மருந்து, கம்பியில் தளர்வாகத் தொங்கும் சிறு உலோகக் கட்டைகள். கார் தரையில் மோதி மேலே எழும்ப முனையும் அதே நொடியில் இந்தக் கட்டைகள் தாமதமாகக் கீழே வந்து அடிக்கின்றன. எழும்பும் உந்தத்தின் பெரும்பகுதி அங்கேயே தீர்ந்துவிடுகிறது. உந்த அழிவின்மை விதியைப் படிக்காத பத்து வயதுப் பிள்ளைகள் கட்டையின் எடையை கிராம் கணக்கில் மாற்றி மாற்றிச் சோதிக்கிறார்கள்.

ஷுன்சாகு டாமியா 2025 ஜூலையில் காலமானார். அதற்கு முன்பே பழைய கார்கள் திரும்பத் தொடங்கியிருந்தன: ஹார்னெட் 2004-ல் மறுபதிப்பாக வந்தது, சாண்ட் ஸ்கார்ச்சர் 2010-ல். வாங்கியவர்கள் பெரும்பாலும் நடுவயது ஆண்கள். அந்தத் தவளைத் துள்ளலும் அப்படியே வேண்டும் என்பவர்கள். பேட்டரி மட்டும் ஒருவழியாகச் சுருங்கிவிட்டது. லித்தியம் செல்கள் பாதி எடையில் இரட்டிப்பு ஆற்றலைத் தர வல்லவை. இருந்தும் டாமியா கார்களில் பேட்டரிக்கான பள்ளம் பழைய ஆறு செல் கட்டின் வடிவத்தில்தான் தொடர்கிறது. அதில் உட்கார வேண்டும் என்பதற்காகவே லித்தியம் பேட்டரி தயாரிப்பாளர்கள் இரு முனையும் உருண்ட கெட்டி உறை போட்டு விற்கிறார்கள்.

பேட்டரியை இணைக்கும் வெள்ளை பிளாஸ்டிக் பிளக்குக்கும் இதே கதை. டாமியா பயன்படுத்தியதாலேயே உலகம் அதை ‘டாமியா பிளக்’ என்கிறது. ரேடியோ கார் மட்டுமல்ல, பொம்மைத் துப்பாக்கி வரை அது போய்ச் சேர்ந்துவிட்டது. அன்றைய மோட்டார்களுக்குப் போதுமான பிளக்தான். இன்றைய பிரஷ் இல்லாத மோட்டார் அதைவிடப் பல மடங்கு ஆம்பியர் இழுக்கும்போது, உள்ளே தொட்டும் தொடாமலும் இருக்கும் தகரங்களின் மின்தடையில் வெப்பம், மின்னோட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறிப் பிளக்கே உருகுகிறது. வேகம் கூட்ட நினைப்பவர் புதுக் காரைப் பிரித்ததும் செய்யும் முதல் வேலை, அந்தப் பிளக்கை வெட்டிவிட்டு வேறு ஒன்றைப் பற்றவைப்பது.