ஏப்பம் குறைந்த கிடா

செம்மறி ஆடு தின்ற புல்லை அதன் பெருவயிற்றிலுள்ள நுண்ணுயிர்கள் புளிக்க வைக்கின்றன. அப்போது உண்டாகும் ஹைட்ரஜனை அவற்றில் ஒரு வகை மீத்தேனாக மாற்ற, ஆடு அதை ஏப்பமாக விடுகிறது. நூறாண்டுக் கணக்கில் அந்த வாயு கார்பன் டை ஆக்சைடைவிட ஏறத்தாழ 28 மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கும். நியூசிலாந்தின் பசுமைக்குடில் வாயுக்களில் ஏறக்குறைய பாதி வேளாண்மையிலிருந்து வருவதால், ஆட்டின் ஏப்பம் அங்கே அரசியல் விவகாரம். அதைக் குறைக்கத் தீவனத்தில் கலக்கும் பொருள்கள் உண்டு. ஆனால் ஆண்டு முழுவதும் மலைச்சரிவில் மேயும் மந்தைக்குத் தினமும் யார் போய் ஊட்டுவது? கிடாவைத் தேர்ந்தெடுத்து இனவிருத்தி செய்வதே அங்கே பொருந்தும் வழி என்பேன்.

ஒரே மேய்ச்சலில் நின்றாலும் எல்லா ஆடுகளும் ஒரே அளவு மீத்தேன் விடுவதில்லை. அந்த வேறுபாட்டில் ஒரு பங்கு பரம்பரையாக இறங்குவது. அந்நாட்டின் அக்ரிசர்ச் ஆய்வு நிறுவனம் ஆடுகளை அதிகம் விடுபவை, குறைவாக விடுபவை என்று இரண்டு மரபுவழிகளாகப் பிரித்து வளர்த்தது. மூன்று தலைமுறைக்குள், தின்ற தீவனத்தின் ஒவ்வொரு கிலோவுக்கும் இரண்டுக்கும் இடையே 10 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் வந்துவிட்டது. வண்டியில் ஏற்றிப் பண்ணைக்கே கொண்டுபோகும் அடைப்புப் பெட்டிகளில் ஆடுகளைச் சிறிது நேரம் நிறுத்தி அளக்கிறார்கள். 2019 முதல் கிடா வளர்ப்போருக்கும் இந்த மீத்தேன் மதிப்பீடு கிடைக்கிறது. குறைவாக விடும் ஆட்டுக்குப் பெருவயிறு சிறியது, தீவனம் அதில் தங்கும் நேரமும் குறைவு. அப்படியானால் ஆடு நலிந்துவிடாதா என்று கேட்பது நியாயமே. சோதனை மந்தைகளில் அப்படி நேரவில்லை. கம்பளி கூடியது, இறைச்சியில் கொழுப்பு குறைந்தது.

வேகம்தான் குறை: நன்றாகத் தேர்ந்தெடுத்தாலும் ஆண்டுக்கு 1 சதவீதம் அளவே குறையும். ஆனால் குறைந்தது அடுத்த தலைமுறையிலும் நிற்கும், மேலே சேரும். இதற்குப் பதில் ஆடுகளையே குறைக்கலாமே என்பாருண்டு. அது ஏற்கெனவே நடந்திருக்கிறது: 1982இல் 7 கோடியாக இருந்த நாட்டின் மந்தை இன்று 2.5 கோடிக்கும் கீழே. இறைச்சி உற்பத்தி அந்த அளவுக்கு விழவில்லை, காரணம் ஒவ்வொரு பெட்டையும் அதிகக் குட்டிகளை, அதிக எடையில் தருகிறது. அதுவும் இனவிருத்தியின் பங்குள்ள பலன். உண்மையான முட்டுக்கட்டை பணம். மீத்தேன் குறைந்ததற்காகச் சந்தையில் கூடுதல் விலை கிடைப்பது அரிது. வேளாண் உமிழ்வுக்கு 2025இல் விலை வைக்கும் திட்டத்திலிருந்தும் அரசு 2024இல் பின்வாங்கியது. ஆகவே மீத்தேனைத் தனிக் குணமாக விற்க முயல்வது வீண். குடற்புழு எதிர்ப்பு, குட்டி பிழைக்கும் விகிதம், வளர்ச்சி ஆகியவற்றுக்கான மொத்த மதிப்பெண்ணுக்குள் அதையும் ஏற்றிவிட்டால், பண்ணைக்காரர் லாபத்துக்காக வாங்கும் கிடாவோடு அதுவும் மந்தைக்குள் வந்துசேரும்.