பட்டிழையும் விமானப் பாதையும்

காஞ்சிபுரத்தை அடுத்த திருப்பருத்திக்குன்றத்துப் பக்கம் போனால், நெசவாளர் வீட்டுத் தறியில் பாவு விறைப்பாக இழுத்துக் கட்டியிருப்பதைப் பார்க்கலாம். விறைப்பாக இழுத்த இழை, இரண்டு முனைகளுக்கும் இடையே உள்ள மிகக் குறைந்த தூரத்தைக் காட்டுகிறது. அப்படி ஓர் இழை கிடைத்தால், நாம் அமெரிக்காவுக்கே வழி பார்த்துவிடலாம்!

வகுப்பறைச் சுவரில் தொங்கும் உலகப் படத்தில் டில்லிக்கும் சான் பிரான்சிஸ்கோவுக்கும் இடையே இழையை இழுத்துப் பிடியுங்கள். அது ஈரான், வட ஆப்பிரிக்கா, அட்லாண்டிக் பெருங்கடல் என்று மேற்கே போகும். இதுதானா குறுக்கு வழி? இல்லை. பூமி உருண்டை, படமோ தட்டை. அதே இழையை உலக உருண்டையின் மேல் வைத்து இழுங்கள். என்ன ஆச்சரியம்! இழை வடக்கே நழுவி, சைபீரியா, ஆர்க்டிக் பெருங்கடல், அலாஸ்கா வழியாகப் போகிறது. இந்த வழியின் தூரம் சுமார் 12,400 கிலோமீட்டர். உருண்டையின் மேல் இப்படி அமையும் பாதைக்குப் 'பெருவட்டப் பாதை' என்று பெயர்.

ஆனால் விமானங்கள் எப்போதும் இவ்வழியே போவதில்லை. துருவத்தை ஒட்டிய பகுதியில், அவசரத்துக்கு இறங்க விமான நிலையங்கள் குறைவு. 2015 டிசம்பரில் ஏர் இந்தியா, டில்லியிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்கு எங்கும் நிற்காத விமானத்தைத் தொடங்கியபோது, அது அட்லாண்டிக் வழியாக 13,900 கிலோமீட்டர் பறந்தது. 2016 அக்டோபரில் திசையையே மாற்றினார்கள். கிழக்கே திரும்பி, பசிபிக் பெருங்கடலைத் தாண்டி 15,300 கிலோமீட்டர். தூரம் 1,400 கிலோமீட்டர் கூடியது. நேரமோ ஏறத்தாழ இரண்டு மணி குறைந்து பதினான்கரை மணி ஆயிற்று!

இது எப்படி? ஒரு கணக்குப் போடுங்கள். 15,300-ஐ 14.5-ஆல் வகுத்தால், மணிக்கு 1,055 கிலோமீட்டர். பழைய வழியில் 13,900-ஐ 16.5-ஆல் வகுத்தால், 842 தான். விமானம் தன் சக்தியால் பறக்கும் வேகம் மணிக்குச் சுமார் 900 கிலோமீட்டர். மிச்ச வேகத்தைக் கொடுத்தது யார்? காற்றுதான்! சுமார் 10 கிலோமீட்டர் உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்கே ஆறு போல விரைந்தோடும் காற்று உண்டு. அதற்குத் 'தாரைக் காற்றோட்டம்' என்று பெயர். கிழக்கே போகிறவரை அது தள்ளிவிடும். மேற்கே போகிறவரைத் தடுக்கும்.

"பூமி கிழக்கு நோக்கிச் சுழல்கிறதே, மேற்கே பறந்தால் ஊர் நம்மை நோக்கி வந்துவிடாதா?" என்று சிலர் கேட்கலாம். வராது. பூமியோடு காற்று மண்டலமும் சேர்ந்தே சுழல்கிறது. அதில் மிதக்கும் விமானமும் அப்படியே.

ஆகவே, குறுகிய வழி வேறு, விரைவான வழி வேறு. நீரோட்டம் பார்த்துப் படகு செலுத்தும் மீனவருக்கு இது நன்றாகத் தெரியும்.

இனி உங்கள் முறை. உலக உருண்டையையும் ஓர் இழையையும் எடுத்துக்கொள்ளுங்கள். சென்னையிலிருந்து லண்டனுக்கு இழுத்துப் பாருங்கள். எந்தெந்த நாடுகள் குறுக்கிடுகின்றன? போகும்போது நேரம் அதிகமா, திரும்பும்போதா? விடை உங்களுக்கே தெரியுமே!